பூச்சிப் பாவமும் ஒரு வாளித் தண்ணீரும்

நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கின் பின்புறம், டயருக்குக் காற்றடிக்கும் இடத்தை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே முப்பது கார்கள் வரிசை கட்டி நின்றன. பெட்ரோலுக்குத்தான் என்று நினைத்தால் நீங்கள் விவரம் தெரியாதவர். அவை பாவம் கழுவ வந்தவை.

மனிதர்களின் பாவம் இல்லை. அதற்குத்தான் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே. இது கார்களின் பாவம். வேகமாகப் போகும் காரில் பூச்சிகள் மோதிச் சாகின்றன அல்லவா? அவற்றின் ஆவி பானெட்டில் ஒட்டிக்கொள்கிறதாம். அதை எடுக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தானாம். அந்த ஒருவர், நம் நல்ல காலம், இதே பங்க்கின் பின்னால் ஒரு பெரிய குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். பூச்சியார் என்று பெயர்.

பூச்சி அடித்த காரை ஏழு நாள் கழுவக்கூடாது. வெயிலில் நிறுத்த வேண்டும். பாவம் பழுக்க வேண்டுமாம். எட்டாம் நாள் பூச்சியார் பூதக்கண்ணாடி வைத்து பானெட்டைப் படிப்பார். "இடது விளக்குல தட்டான். வீட்டுல யாருக்கோ முழங்கால் வலி இருக்குமே?" என்பார். முழங்கால் வலி இல்லாத வீடு எது? கூட்டம் வாய் பிளக்கும். பிறகு நீல வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்து பானெட்டில் விரித்து, கண்ணை மூடிப் பன்னிரண்டு நிமிடம் மந்திரம் சொல்வார். துணியை எடுத்து ஒரே துடைப்பு, பூச்சி போயே போய்விடும். போகாத கறை இருந்தால் அது ஊறிப்போன பாவம். அதற்கு இன்னொரு நாள் வர வேண்டும், இன்னொரு காணிக்கையோடு.

இவரை நம்பாமல் பால் வண்டிக்காரர் ஒருவர், காய்ந்த பூச்சியைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தானே தேய்த்துப் பார்த்தார். பூச்சி போனது, கூடவே பெயிண்டும் போனது. "பாத்தீங்களா, பூச்சியோட நகம் கீறியிருக்கு" என்றார் பூச்சியார். கீறியது கம்பி நார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் வண்டிக்காரருக்கே தோன்றவில்லை. அன்று முதல் அவர்தான் வரிசையில் முதல் ஆள்.

ஒன்பதாவது காரில் இருந்தவர் பிரேக்கண்ணன். வாடகைக் கார் ஓட்டுபவர். நூறடிக்கு அப்பால் ஒரு காகிதம் பறந்தாலும் பிரேக்கை மிதிப்பார், அதனால் அந்தப் பெயர். யாராவது எதையாவது நம்பச் சொன்னால் மட்டும் மனிதருக்கு பிரேக் பிடிக்காது. ஒரு வார சவாரியை விட்டுவிட்டு, காரை வாசல் வெயிலில் போட்டு, பாவம் பழுக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்த்திருந்தார்.

மறுநாள் ஒரு பெரிய ஹோட்டலின் மேலாளர் அம்மா அவருடைய காரைப் பார்க்கப் போகிறார். பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஓட்டம், மகளைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் காரையே விற்க வேண்டியதுதான்.

பக்கத்து இருக்கையில் அவருடைய அக்கா. பட்டறையில் பதினெட்டு வருடமாகக் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்று பச்சை.

"ஏன்டா, ஏழு நாள் இப்படியேவா விட்டே?"

"பாவம் பழுக்கணும்க்கா."

"பாவம் பழுக்கல. பெயிண்டு வேகுது."

அவர்கள் முறை வந்தது. பூச்சியார் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வலது ஓரத்துல அந்துப்பூச்சி. கூடப் பொறந்த பொம்பளையால காரியத்துக்குத் தடை வரும்."

"இதை மட்டும் சரியா சொல்லிட்டாரு" என்று அக்கா காரைவிட்டு இறங்கினார். "ஐயா, ஒரு சந்தேகம். பூச்சியை எடுக்கிறது மந்திரமா, தண்ணியா?"

"மந்திரம்தாம்மா. தண்ணி சும்மா ஒரு சாக்கு."

"நல்லதாப் போச்சு. பானெட்டைப் பாதியாப் பிரிச்சுக்குவோம். வலது பக்கம் நீங்க மந்திரம் மட்டும் சொல்லுங்க, துணி வேண்டாம். இடது பக்கம் நான் என் துணியை மட்டும் போடறேன், மந்திரம் வேண்டாம்."

"இதெல்லாம் விளையாட்டுக் காரியம் இல்லம்மா."

பூச்சியார் நழுவியிருப்பார். பக்தர்கள் விடவில்லை. "செஞ்சு காட்டுங்க சாமி, அந்தம்மா வாயடைச்சுப் போகட்டும்" என்றார் பால் வண்டிக்காரர். 

பிரேக்கண்ணன் அக்காவின் கையைப் பிடித்தார். "வேண்டாம்க்கா. நாளைக்கு என் பொழப்பு இருக்கு."

"அதுக்காகத்தான்டா."

பையிலிருந்து ஒரு மெத்தென்ற துண்டை எடுத்தார் அக்கா. பங்க் குழாயில் தண்ணீர் பிடித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த கார் ஷாம்பு கொஞ்சம் கலந்து, துண்டை நனைத்து இடது பக்கம் விரித்துவிட்டுக் கைகட்டி நின்றார். பூச்சியார் வலது பக்கம் மந்திரத்தை ஆரம்பித்தார். நரம்பு புடைக்கச் சொன்னார். பெட்ரோல் போடுபவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நடுவில் உயிருள்ள ஈ ஒன்று வந்து வலது பக்கம் உட்கார்ந்து, செத்த பூச்சிகளைச் சுற்றித் துக்கம் விசாரித்துவிட்டுப் பறந்தது.

பன்னிரண்டு நிமிடம் ஆனது. அக்கா துண்டை அலசி, அழுத்தாமல் ஒரு தரம் துடைத்தார். இடது பக்கம் பளிச்சென்று இருந்தது. வலது பக்கத்தில் அந்துப்பூச்சியின் ஒற்றை இறக்கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பால் வண்டிக்காரர் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். "ஒண்ணுகூட அசையலையே சாமி."

"வலது பக்கத்துப் பாவம் கொஞ்சம் கெட்டி" என்றார் பூச்சியார்.

அக்கா அதற்கும் துண்டை விரித்தார். ஊறும் நேரத்தில் நீல வாளியை மோந்து பார்த்தார். "எங்க பட்டறையில இருக்கிற அதே ஷாம்பு." பிறகு குடைக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். "அது உங்க வண்டிதானே? ஒரு பூச்சி இல்லையே. தினம் கழுவறீங்களோ?"

பூச்சியார் குடையை மடக்கினார். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று முனகிக்கொண்டே வெள்ளைக் காரில் ஏறிப் போனார். நீல வாளி நிறையத் தண்ணீரோடு அங்கேயே இருந்தது.

வலது பக்கமும் சுத்தமானது. ஓரத்தில் பருப்பளவு ஒரு வட்டத் தழும்பு மட்டும் நின்றது. பிரேக்கண்ணன் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அது போகாதுடா" என்றார் அக்கா. குரலில் கோபம் போய் வருத்தம் வந்திருந்தது. "பூச்சி உடம்புல இருக்கிற அமிலம் ஏழு நாள் வெயில்ல பெயிண்டைத் தின்ன எடம். அன்னிக்கே ஊற வச்சுத் தொடைச்சிருந்தா தழும்பே விழுந்திருக்காது. கறை நிக்கணும்னுதான் உங்களை ஏழு நாள் காக்க வச்சான். கறை நின்னாத்தானே மறுபடியும் வருவீங்க?"

பிரேக்கண்ணனுக்கு அவமானத்தில் கண் கலங்கியது. கூட்டம் தரையைப் பார்த்தது. பால் வண்டிக்காரர் மட்டும் மெல்ல அருகில் வந்தார்.

"அக்கா, அந்தத் துண்டுல கொஞ்சம் கிழிச்சுத் தருவீங்களா? நீங்க மனசுக்குள்ள ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

"சொன்னேன். சீக்கிரம் ஊறித் தொலை, வீட்டுல வேலை கிடக்குன்னு சொன்னேன்."

மறுநாள் ஹோட்டல் மேலாளர் அம்மா காரைச் சுற்றி வந்தார். விரல் நேராகத் தழும்பில் போய் நின்றது. "இது என்ன?"

கல் அடித்தது என்று சொல்ல பிரேக்கண்ணனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அங்கே பிரேக் போட்டார். "நான் ஏழு நாள் யோசிக்காம இருந்ததுங்க மேடம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த அம்மா தழும்பை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிரேக்கண்ணன் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"என் கார் ஆறு நாளா வெயில்ல நிக்குது. நாளன்னிக்கு அவர்கிட்ட கொண்டுபோறதா இருந்தேன்."

பிரேக்கண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "வாளி எங்க இருக்கு மேடம்?"

பானெட்டில் ஒட்டியதை ஈரத்துணி பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துவிடும். மண்டையில் ஒட்டியதை அவரவரே யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.