மேரிமை அழைத்துப்போக வர வேண்டாம், அக்கா

அத்-பாஷி,
மே மாதம். மலையில் பனி இன்னும் மனசு மாறவில்லை.

டோக்மோக்கில் இருக்கும் என் மரியாதைக்குரிய சல்கின் அக்காவுக்கு, உங்கள் தம்பி குபாத் நெஞ்சில் கைவைத்து எழுதுவது. இங்கே நான், அனார், பிள்ளைகள் மேரிமும் எர்மெக்கும், ஆடுகள், மினிபஸ் எல்லோரும் சுகம். மினிபஸ்ஸுக்கு மட்டும் பின்சக்கரத்தில் லேசான முனகல். அங்கே உங்கள் முழங்காலும் அத்தானின் இரத்த அழுத்தமும் புதிதாகப் போட்ட தகரக்கூரையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிக்கா" என்பேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடிதத்தில்தான் என்னால் கடைசி வரை பேச முடியும். டோக்மோக் வண்டி ஓட்டும் நண்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் உங்கள் கையிலேயே தருவான். சனிக்கிழமை நீங்கள் வந்து மேரிமை அழைத்துப்போய் ஒரு வருஷம் உங்களோடு வைத்துத் திருத்தப் போவதாகவும், பள்ளிச் சீருடைகூட வாங்கிவிட்டதாகவும் செய்தி வந்தது. உங்கள் பாசத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் வர வேண்டாம், அக்கா. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்.

வசந்தப் புத்தாண்டு நவ்ரூஸ் அன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். சுமலக் அண்டாவைக் கிளறும் முறை மேரிமுக்கு வந்தது. முளைவிட்ட கோதுமையைத் தெருவே சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் கிளறிய அண்டா. அவள் கையில் கரண்டி வந்த கொஞ்ச நேரத்தில் கரண்டி மட்டும் அண்டாவுக்குள் நின்றது, பிள்ளையைக் காணோம். தேடிப் பிடித்தபோது பக்கத்துத் தெருவில், குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிபிடித்த சுமலக்கைப் பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்திச் சாப்பிட்டார்கள். மூடியதற்குக் காரணம் பக்தி இல்லை. அப்போதுதான் நீங்கள் "இந்தப் பொண்ணுக்குப் பத்து வயசாச்சு, இன்னும் நாலு அடி விழல, அதான்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். போதாததற்குப் பள்ளியிலிருந்தும் ஆள் வந்தது. கணக்குகளை எல்லாம் பாதியில் விடுகிறாள், புத்தி மட்டாக இருக்கலாம், நரினில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று உள்ள தனிப்பள்ளிக்கு மாற்றிவிடுவது நல்லது என்றார்கள். அனார் அன்று முழுக்க ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அக்கா, அந்தச் சமயத்தில் எங்கள் கவலை எல்லாம் மேரிமைப் பற்றி இல்லை, எர்மெக்கைப் பற்றி. ஆறு வயசில் அவன் செய்யாதது ஊரில் பாக்கி இல்லை. தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே மணியை அடித்து முழுப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பினான். ஒரு பயணியின் பைக்குள் ஆட்டுக்குட்டியை வைத்துவிட்டான். அந்த அம்மாள் நரின் சந்தையில் பணம் எடுக்கக் கைவிட்டபோது பை அவரை நக்கியது. ஒருநாள் மினிபஸ் கூரையில் சாமான்களோடு படுத்துக்கொண்டு மூன்றாவது ஊர் வரை வந்துவிட்டான். கீழே இருந்தவர்கள் கூரையில் யாரோ பாடுகிறார்கள் என்று சொல்லச் சொல்ல நான் ரேடியோவை நிறுத்திப் பார்த்தேன். பையனுக்கு என்னமோ இருக்கிறது என்று பஸ்ஸில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். பூச்சி என்றார் இன்னொருவர். செம்மறி வால்கொழுப்பைக் காலையில் கொடு என்றார் மூன்றாமவர். அவர் பல் வலிக்கும் அதையேதான் சொல்வார். கடைசி இருக்கையில் இருந்த நர்ஸ் ஒருத்திதான், பிஷ்கெக்கிலிருந்து மாதம் ஒருமுறை பிள்ளைகளின் மனநல டாக்டர் நரினுக்கு வருகிறார், போய்ப் பாருங்கள் என்றாள்.

போனோம். எர்மெக்கைக் காட்டத்தான் போனோம். மேரிம் வரவேண்டிய தேவையே இல்லை. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாள், வெளியே விட்டுவிட்டுப் போக மனசில்லை, அதனால் ஏற்றிக்கொண்டோம்.

டாக்டர் பெயர் ஷாயிர்குல். சின்ன உருவம், அவசரமே இல்லாத குரல். நான் எர்மெக்கின் குற்றப்பட்டியலைப் படித்து முடித்தேன். அதற்கேற்ப அவன் ஒரு நாற்காலியையாவது கவிழ்ப்பான் என்று காத்திருந்தேன். பாவி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மரக்கட்டைகள் கொடுத்தார், பாலம் கட்டினான், எங்கள் பேச்சு முடியும் வரை அதிலேயே இருந்தான், கேட்காமலே பெட்டியில் திருப்பி அடுக்கினான். வகுப்பில் எப்படி என்று கேட்டார். வகுப்பில் கொடுத்ததை முடித்துவிட்டுத்தான் ஓடுவான் என்றாள் அனார். டாக்டர் சிரித்துவிட்டு, இவனுக்கு வியாதி ஒன்றும் தெரியவில்லை, கால்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றார். நன்றாக ஓட விடுங்கள், நேரத்துக்குத் தூங்க வையுங்கள், அப்பா எப்போதாவது 'கூடாது' என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். அந்த 'எப்போதாவது'வில் அனார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

கிளம்ப எழுந்தபோது, வாசலருகே உட்கார்ந்திருந்த மேரிமிடம் டாக்டர், ஜன்னல்மேல் இருக்கிற பென்சில் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னார். பட்டன் மாறிப் போட்ட கோட்டோடு எழுந்து போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையை உயர்த்தி என்னை அடக்கிவிட்டு, எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். அப்படியே பேச்சுக் கொடுத்து, வகுப்பில் டீச்சர் கணக்குச் சொல்லும்போது உனக்கு என்னவெல்லாம் கேட்கும் என்றார்.

மேரிம் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பது மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள்:

"டீச்சர் சொல்றதும் கேட்கும். அடுப்புல நிலக்கரி வெடிக்கும். பின்னாடி இருக்கிறவன் பூட்ஸைத் தேய்ப்பான். வெளியில நாய் மூணு கால்ல நடக்கும், நாலாவது கால் தரையில படாது. டீச்சர் மோதிரம் பலகையில தட்டும். எல்லாம் ஒரே சத்தத்துல வரும். எதை விடணும்னு எனக்குத் தெரியல. எல்லாத்தையும் பிடிக்கப் பார்க்கிறதுக்குள்ள கணக்குப் போயிடும்."

"அப்போ என்ன பண்ணுவ?"

"கேட்டாத் திட்டுவாங்க. அதனால கேட்டுக்கிட்டிருக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்குவேன்." பென்சில் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்குள்ள ஒரு சோம்பேறி இருக்கா. அவளை எப்படி வெளியில அனுப்புறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அக்கா, தியான்ஷான் கணவாயில் பனிச்சரிவு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த அறையிலும் அப்படித்தான் நின்றேன். என் வீட்டில், என் மேசையில், என் ரொட்டியைச் சாப்பிட்டு வளர்ந்த இந்தச் சின்னத் தலைக்குள் இவ்வளவு பெரிய சந்தை கூடிக்கொண்டிருந்திருக்கிறது, அதன் நடுவில் பிள்ளை தனியாக நின்று, யாருக்கும் தொந்தரவு தராமல், முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அனார் மேரிமின் ஒற்றைக் கையுறையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொன்றை மேரிம் எங்கோ விட்டிருந்தாள்.

ஒரு நாளில் முடிவு சொல்லும் காரியம் இல்லை என்றார் டாக்டர். காது, கண், தூக்கம், இரத்தம் எல்லாம் பார்க்கச் சொன்னார். இது எப்போதிலிருந்து, பள்ளியில் மட்டுமா, வீட்டிலும் மேய்ச்சல் நிலத்திலுமா என்று துருவினார். யோசித்தால், நடக்கக் கற்ற நாளிலிருந்து எல்லா இடத்திலும்தான். மேரிமின் வகுப்பு எடுக்கும் கென்ஜே டீச்சரிடமும் போனில் விசாரித்தார். மேரிமா? நல்ல பிள்ளை, இருப்பதே தெரியாது என்று டீச்சர் சொன்னாராம். டாக்டர் எங்களிடம், அதுதான் பிரச்சினையே என்றார். மேசைமேல் ஏறுகிற பிள்ளையை ஊரே கூட்டிக்கொண்டு வரும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

அடுத்த மாதம் போனபோது பெயர் சொன்னார். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு. ஆட்டுமந்தை ரோட்டைக் கடக்கிற நேரம் பிடிக்கிறது அதைச் சொல்லி முடிக்க. மிகையியக்கம் எங்கே, இவள் உட்கார்ந்தே இருக்கிறாளே என்று கேட்டேன். சில பிள்ளைகளுக்கு ஓட்டமெல்லாம் உள்ளேதான் என்றார். மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு; சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, அடித்தால் போகாது, புத்திக்கும் குறைவில்லை. "குதிரை நல்ல குதிரைங்க. கடிவாளம்தான் இன்னும் கைக்கு எட்டல. எட்டுற வரைக்கும் நாமதான் கூட நடக்கணும்" என்றார். மருந்தும் உண்டாம், இப்போதைக்கு வேறு வழிகளைப் பார்ப்போம், தேவைப்பட்டால் பிறகு பேசுவோம் என்றார்.

அன்று மாலை வண்டி ஓட்டும்போது, மேரிமுக்குக் கேட்பதுபோல எனக்கும் கேட்கிறதா என்று சோதித்தேன். ரேடியோ, எஞ்சின், பின்சக்கர முனகல், வால்கொழுப்பு வைத்தியர், கோழி கொண்டுவந்த அம்மாள், கோழி. எதையும் விடாமல் எல்லாவற்றையும் சமமாகக் கேட்டுக்கொண்டே ஒரு வளைவைத் தாண்டினேன். அதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. சாதிர் பெரியவர் இறங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது. அவர் மூன்று தடவை நிறுத்தச் சொன்னாராம். அவரையும் அவர் ஆட்டையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது, உனக்கு என்னடா வியாதி என்று கேட்டார். ஒரு வளைவுக்கே இந்தக் கதி என்றால், பிள்ளை காலையிலிருந்து மாலை வரை இதற்குள் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு வரை வந்திருக்கிறாளே என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போது கென்ஜே டீச்சர் அவளை முதல் வரிசையில், சுவர்ப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார். நடுநடுவே நிலக்கரி எடுத்துவர அனுப்புகிறார். போய் வந்தால் அடுத்த கணக்கு முடிகிறது. தனிப்பள்ளிப் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. முதல் நாளே நான் முறைப்படி அவள் கண்ணைப் பார்த்து, "நிலவறைக்குப் போம்மா" என்றேன். போனாள். வரவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். வாயெல்லாம் ஆப்ரிகாட் ஜாமோடு நின்றுகொண்டு, "போயிட்டேன்ப்பா. அடுத்தது நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். நியாயம்தான். நானும் உட்கார்ந்து ஜாம் சாப்பிட்டேன்.

எனவே அக்கா, உங்கள் கண்டிப்பில் குறை சொல்லவில்லை. அந்தக் கண்டிப்பில்தான் நான் மனிதனானேன். ஆனால் இந்தப் பிள்ளையை ஊர் மாற்றி, பள்ளி மாற்றி, வருஷம் முழுக்க நிமிர்த்தி உட்கார வைத்தால், அந்த முகத்தை வைத்துக்கொள்வதில்தான் இன்னும் தேர்ச்சி பெறுவாள். இங்கே இப்போதுதான் அவள் முகத்தை இயல்பாக விடப் பழகுகிறாள். சனிக்கிழமை வர வேண்டாம். சீருடையை அத்தானின் தங்கை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இது என் முடிவு. அனாருக்கும் இதுவே முடிவு.

உங்கள் வீட்டு விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும், உங்கள் முழங்கால் மாடிப்படியை மறந்துபோகட்டும், அத்தான் உப்பைக் குறைக்கட்டும். ஓமின்.

உங்கள் சொல்லை முதல் தடவையாக மீறும்,
தம்பி குபாத்

பின்குறிப்பு: மரியாதைக் குறைவாக ஏதும் எழுதிவிட்டேனா என்று பார்க்க, இதை அனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மேரிம் மேசைக்கடியில் பூனையோடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. முதலிலிருந்து கடைசி வரை கேட்டிருக்கிறாள், அக்கா. இத்தனை பக்கத்தையும். வெளியே வந்து, லாடம் அடித்தது பக்கத்துத் தெருவில் இல்லை, அதற்கும் அடுத்த தெருவில் என்று திருத்தினாள். பிறகு, "அத்தை வரட்டும்ப்பா. ஏன் வேண்டாங்கிறீங்க?" என்றாள். நான் உன் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்தேன். "எங்கிட்ட யாரும் கேட்கலையே. வருஷமெல்லாம் வேண்டாம், கோடை லீவுக்கு நான் அத்தை வீட்டுக்குப் போறேன். எனக்கு எப்படிக் கேட்கும்னு நீங்க எழுதினா அவங்களுக்குப் புரியாது. நானே சொல்றேன்" என்றாள். பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதியவன், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, சனிக்கிழமை அவசியம் வாருங்கள், வருஷத்துக்கு இல்லை, கோடை லீவுக்கு மட்டும் அழைத்துப்போக. மேரிம் உங்களுக்குச் சொல்லச் சொன்னது இது: "அத்தை வர்றப்போ நான் வாசல்ல நிப்பேன். நிக்கலேன்னா கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டா போதும், எங்க இருந்தாலும் வந்துடுவேன்."