எல்.கே.ஜி. அப்பாவின் இங்கிலீஷ்

“வேர் இஸ் யுவர் ஷாப்?” என்று பள்ளித் தாளாளர் கேட்டது சாதாரணக் கேள்விதான். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சகாதேவன், “மை ஷாப் இஸ் யுபிக்விட்டஸ், சார்” என்றான். எங்கும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாளாளர் ராஜமாணிக்கத்தின் பேனா பாதியில் நின்றது.

திருவண்ணாமலையில் கொஞ்சம் கெத்தான பள்ளி அது. எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் குழந்தையை ஒன்றும் கேட்க மாட்டார்கள், பெற்றவர்களைத்தான் கேட்பார்கள். போன வருஷம் பக்கத்துக் கடை மணிவேல் “எஸ் சார், எஸ் சார்” என்று மட்டுமே சொல்லி, மகனுக்கு இடம் கிடைக்காமல் திரும்பியிருந்தான். அதில் மிரண்டுபோன சகாதேவன், தன் உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, செல்போன் வீடியோ பார்த்து, பெரிய பெரிய வார்த்தைகளாக உருப்போட்டான். சின்ன வார்த்தைகளைப் படிக்கத்தான் நேரமில்லாமல் போய்விட்டது.

தாளாளரின் முகம் இறுகியதைக் கண்டதும், வார்த்தையின் எடை பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“வாட் டு யூ எக்ஸ்பெக்ட் ஃப்ரம் அவர் ஸ்கூல்?”

“பெர்ஸ்பிகேஷியஸ் மாக்னானிமிட்டி, சார்.”

தாளாளர் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த இங்கிலீஷ் டீச்சரைப் பார்த்தார். அந்தம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

“ஏங்க, அவரு மூஞ்சே சரியில்ல. தமிழ்லயே சொல்லிடுங்க” என்று மனைவி தமிழ்செல்வி கிசுகிசுத்தாள்.

“கம்முனு இரு. இன்னும் ஒண்ணு கைவசம் கீது.”

அதையும் எடுத்து விட்டான்: “தேங்க்யூ ஃபார் யுவர் ஆப்ஃபஸ்கேஷன், சார்.” குழப்பியதற்கு நன்றி என்று அதற்கு அர்த்தம் வருவது அவனுக்கே தெரியாது.

தாளாளர் எழுந்தே விட்டார். “ப்ளீஸ் வெயிட் அவுட்சைட்.”

வெளியே வந்ததும் தமிழ்செல்வி ஆரம்பித்தாள். “புள்ள படிப்புல மண்ண வாரிப் போட்டுட்டீங்களே. மணிவேலு அண்ணனாவது மரியாதையா பேசிட்டு வந்தாரு.”

மகள் இனியா சறுக்குமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஸ்கூல் தொறந்ததும் நான் இதுல ஆடலாமாப்பா?”

சகாதேவன் குனிந்து அவள் செருப்பு வாரை இறுக்கி மாட்டிவிட்டான்.

அரை மணி நேரம் கழித்து பியூன் தருமன் வந்தார்.

“இனியா அப்பா நீங்கதானே? சீட்டு கெடச்சிடுச்சு, பீஸ் கட்டிட்டுப் போங்க. ஆனா பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு மட்டும் எப்பவும் வூட்டம்மாவையே அனுப்பச் சொல்லி, ஐயா கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கினாரு.”