தவளைக்கடிப் பூச்சியில் ஆண் இல்லாத காரணம்

பூச்சியியல் காலாண்டிதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களும், அவர்களுடைய கண்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம், என் மனைவி நலம். மகள் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அதற்குக் காரணம் நானேதான். அதை ஒப்புக்கொள்ளவே இந்தக் கடிதம்.

பொருள்: என் மகள் தங்களுக்கு அனுப்பியிருக்கும் புதிய பூச்சியின் விவரிப்பில் ஆண் பூச்சி இல்லாதது குறித்து.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நகரசபையின் கொசு ஒழிப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் நான் கவிழ்க்காத பாத்திரம் கிடையாது. டயர், உடைந்த வாளி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தட்டு, எதில் தண்ணீர் மூன்று நாள் நின்றாலும் நான்காம் நாள் நான் அங்கே நிற்பேன். தெருவில் என்னைக் 'கொசு சார்' என்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் 'சார்' என்பதை விட்டுவிடுவார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டை நானே சோதனை போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் தேதி போட்டு, 'தேங்கிய நீர்: இல்லை' என்று எழுதி வருகிறேன். கதவு கொள்ளாமல் இப்போது சுவருக்கு வந்திருக்கிறது. அத்தனையும் 'இல்லை'தான். தாங்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். அவள் பூச்சிகளைப் படிக்கப் போனாள். "நீங்க கொன்னதுக்கெல்லாம் அவ பேரு வெக்கப் போறா" என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். மூன்று வருடமாக மகள் ஒரே ஒரு பூச்சியின் பின்னால் அலைகிறாள். நான் அதைக் கொசு என்று சொல்லப்போக, "கொசு இல்லப்பா, கொசுவுக்கு ஒன்னுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோங்க" என்றாள். கொசு நம்மைத் தேடி வரும், இது தவளையைத் தேடிப் போகும். ஆண் தவளை பெண் தவளைக்காகக் கத்துகிறதல்லவா, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வந்து, மூக்கு நுனியில் உட்கார்ந்து, ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். குடிப்பது பெண் பூச்சி மட்டும். பாவம், அந்தத் தவளை யாரைக் கூப்பிட்டது, யார் வந்து சேர்ந்தார்கள் பாருங்கள். "வாயைத் தொறந்தா வம்புன்னு அதுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல" என்றாள் என் மனைவி.

மகள் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அதன் கரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணம், கிண்ணத்துக்கு மேல் தவளைக் குரல் போடும் ஸ்பீக்கர். அதைச் சுமந்துகொண்டு போவது என் வேலை. என் சர்வீஸில் எந்தப் பூச்சியும் என்னைத் தேடி வந்ததில்லை, இங்கே ஸ்பீக்கரைப் போட்டதும் தானாக வந்து விழுகின்றன! ஒரு நாள் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று வீட்டுப் பால்கனியில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மொட்டை மாடியில் டயர் வைத்திருந்ததற்காக இரண்டு முறை என்னிடம் நோட்டீஸ் வாங்கியவர். "சார், தவள கத்துதே? தவள இருந்தா தண்ணி இருக்கணுமே?" என்றார். "தண்ணி இல்ல, ஸ்பீக்கர்" என்றேன். நம்பாத முகத்தோடு உள்ளே போனார்.

இப்படியாக நாற்பத்தோரு பெண் பூச்சிகள் கிடைத்தன. எங்கள் சாப்பாட்டு மேசையில் நுண்ணோக்கியை வைத்து, தலை ஒரு கண்ணாடித் துண்டில், இறக்கை ஒன்றில், வயிறு ஒன்றில் என்று பிசின் போட்டு ஒட்டினாள். நாங்கள் இரண்டு மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். உணர்கொம்பில் எத்தனை கணு என்று என்னையும் எண்ணச் சொன்னாள். பதின்மூன்று. நான் எண்ணியபோது பதினான்கு வந்தது, ஒன்று என் கண்ணிமை முடி. இறக்கையின் நடுவில் கறுப்புப் பட்டை, காலில் வெளிறிய வளையம், மூக்குக்கு மேல் இரண்டு முள் என்று பதினோரு பக்கம் எழுதினாள். இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத உடம்புக்குப் பதினோரு பக்கம். நான் ஓய்வு பெற்றபோது என்னைப் பற்றி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது நான்கு வரி.

அப்போதுதான் தங்கள் கடிதம் வந்தது. பெண் பூச்சியைப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த இன்னொரு இனத்தைப் போலவே இருக்கிறது, ஆணின் வால் நுனி உறுப்பைப் பார்த்தால்தான் இது புதிது என்று உறுதியாகும், மாத முடிவுக்குள் ஆணைக் காட்டாவிட்டால் ஏற்க இயலாது என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் ஆண் ரத்தம் குடிப்பதில்லை, தவளை தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் மகள் கல்லூரி வளாகத்து மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து அந்தப் பூச்சியின் புழுக்களைப் பிடித்து வந்தாள். ஏழு. பாட்டில் ஒன்றில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். அந்தப் பொந்து இரண்டே நாளில் வற்றிவிட்டது. ஆக, இருந்தது இந்த ஏழுதான்.

ஐயா, இந்தப் புழுக்கள் என்ன சாப்பிடும் என்று தங்களுக்குத் தெரியும். கொசுப்புழு சாப்பிடும்! என் வீட்டில், என் கண்ணெதிரில், இவற்றின் சாப்பாட்டுக்காகக் கொசுப்புழு வளர்ந்தது. முதல் நாள் நான் அந்த ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. இரண்டாம் நாள் சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு புழு கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது, கொசுப்புழு பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். நான் எட்டு ஆட்களையும் புகை அடிக்கும் மெஷினையும் வைத்துக்கொண்டு செய்ததை இது வெறும் வாயால் செய்கிறது! அன்றிலிருந்து காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் பாட்டிலைத்தான் பார்த்தேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு அவற்றின் மேல் எந்தப் பகையும் கிடையாது என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

பத்து நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலை. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஃபோன் பண்ணினார். இப்போ வர்ற ஆய்வாளருங்க பாத்திரத்தைக் கவுத்துட்டுப் போயிடறாங்க, ஓரத்தைத் தேய்க்கறதே இல்லன்னு வருத்தப்பட்டார். எனக்குச் சூடு ஏறிடுச்சு. முட்டை ஓரத்துலதானேய்யா ஒட்டியிருக்கும்! மொதல்ல கவுக்கணும், அப்புறம் துணியால ஓரத்தை அழுத்தித் தேய்க்கணும், அப்புறம் தலைகீழா வெக்கணும்னு விளக்கமா சொன்னேன். ஒரு கை ஃபோனைப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு கை என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு ஃபோனை வெச்சப்புறம்தான் பார்த்தேன். பாட்டில் ஜன்னல்ல தலைகீழா நின்னுட்டிருந்துச்சு, ஓரமெல்லாம் பளபளன்னு. தண்ணி மொத்தமும் பால்கனியில குரோட்டன்ஸ் செடித் தொட்டியில. கதவுக்குப் பின்னால அன்னிக்குத் தேதியும் 'இல்லை'யும்கூட எழுதியாச்சு.

சாயந்திரம் மகள் வந்து பார்த்தாள். பூனை தட்டிவிட்டிருக்கும் என்றேன். "பூனை தட்டிவிட்டுட்டு ஓரத்தைத் துணியால தொடச்சு வெச்சுதா?" என்று என் மனைவி கேட்டாள். மகள் கதவுக்குப் பின்னால் போய்த் தேதியைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா. "ஏழு இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலியான பாட்டிலைக் கழுவி வைத்தாள். ஏற்கெனவே தேய்த்த பாட்டில். அதைக் கழுவ என்ன இருக்கிறது? அன்றிலிருந்து நான் வெள்ளிக்கிழமையைப் பார்த்தாலே பயப்படுகிறேன்.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆண் இல்லாதது அவள் குற்றமில்லை. பெண்ணை மட்டும் வைத்தே இந்த விவரிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த மழை வரைக்கும் தவணை கொடுங்கள். மிச்சம் ஏதாவது பிழைத்திருக்குமோ என்று தேடச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டாம். ஊற்றியது காய்ந்த மண்ணில். என் வீட்டில் எந்த மூலையிலும் ஒரு சொட்டுத் தேங்கிய நீர் கிடையாது என்று முப்பத்து நான்கு வருட அனுபவமுள்ள ஆய்வாளன் என்ற முறையில் இதன் மூலம் சான்றளிக்கிறேன். இந்தக் கடிதம் மகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தங்கள் இதழ் பல்லாண்டு வளர்க. தங்கள் அலுவலகத்தின் கூரையிலும் குழாயடியிலும் என்றென்றும் தண்ணீர் தேங்காதிருக்க மனமார வாழ்த்தும்,

கொசு ஒழிப்புப் பிரிவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்துவிட்டால் சான்றை மட்டுமாவது அடித்துவிடுங்கள். தபாலில் போடத் தைரியமில்லாமல் நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எழுதிய மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் வந்து பால்கனியில் என் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குனிந்தார். "சார்! ஒங்க வீட்டுலயா!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அந்த மனுஷனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. குரோட்டன்ஸ் தொட்டிக்குக் கீழே ஒரு அகலமான தட்டு, அதைத் தாண்டித்தான் தினமும் நான் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறேன். ஆறு வருடமாக அதற்குள் குனிந்து பார்க்கவில்லை. தட்டு நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையக் கொசுப்புழு! தொட்டியில் மண் விளிம்பு வரை இருப்பதால் நான் ஊற்றியது அப்படியே வழிந்து தட்டில் இறங்கியிருக்கிறது. மகள் ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். எங்கள் புழுக்கள் நான்கு உயிரோடு, கொழுத்துப்போய், கூட்டுப்புழுவாகிக் கிடந்தன. என் வீடு நான் எழுதி வைத்த மாதிரி சுத்தமாக இருந்திருந்தால் அவை பட்டினியில் செத்திருக்கும். இன்று காலை பார்த்தால் இரண்டு ஆண், உணர்கொம்பில் தூரிகை போல முடியோடு. வால் நுனியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மகள், "அப்பா, புதுசுதான்! புதுசேதான்!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, மருந்துக்கடைக்காரர் இன்றும் வந்து நின்றிருந்ததால் தும்மலாக மாற்றிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தையும் அவள் படித்துவிட்டாள். சிவப்பு மையில் திருத்தியும் கொடுத்தாள். முள் மூக்குக்கு மேல் இல்லையாம், கண்ணுக்கு நடுவிலாம். பிறகு, முதல் ஆண் எங்கே கிடைத்தது, யார் சேகரித்தது என்று துல்லியமாக அச்சில் போட வேண்டுமே, அது காலத்துக்கும் நிற்குமே என்று தயங்கி, "வெறுமனே 'வீட்டுப் பால்கனி'ன்னு போட்டுக்கவாப்பா?" என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆறு வருடத்து 'இல்லை'யையும் மேலிருந்து கீழே படித்தேன். சாக்பீஸை எடுத்து இன்றைய தேதியைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் வீட்டுக்கு 'உண்டு' என்று எழுதினேன்.

ஆகவே ஐயா, கட்டுரை நீளம் என்று தாங்கள் எதை வெட்டினாலும் சரி, 'கொசு ஒழிப்பு ஆய்வாளர் வீட்டுப் பூந்தொட்டித் தட்டு, சேகரித்தவர்: தந்தை' என்ற வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.