கண்ணாடிக்குக் கஞ்சி போட்டவர்

ஒரு ஜன்னல் கண்ணாடியைத் தேய்ப்பதா, மாற்றுவதா என்று வருஷக்கணக்கில் யோசித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே காபி கிளப் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் "யோசிக்கணும் நைனா" என்பார். அதனால் ஊருக்கு அவர் யோசனை நாயக்கர். சர்க்கரை கொஞ்சம் கூடப் போடுங்கள் என்றால் கூரையைப் பார்ப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

யுத்தம் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், எங்கள் ரோட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்த கடை அது ஒன்றுதான். இடித்துப்போட்ட ஒரு துரை பங்களாவிலிருந்து ஏலத்தில் எடுத்தது, ஆள் உயரம். வந்த புதிதில், ரயிலுக்குப் போகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்களாம். நான் அந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோது அதில் எருமை முகம்கூடத் தெரியாது. வெளியே எஞ்சின் கரி, உள்ளே இட்லிக் கொப்பரை ஆவி, போதாததற்கு உப்புத் தண்ணீர்க் கறை. மோரை ஊற்றி உறைய வைத்த மாதிரி நிற்கும்.

இதனால் ஊர் இரண்டு கட்சியானது.

"புளியக் கரைச்சு ஊத்தி நாலு தேய் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும் நாயக்கரே!"

"அட, நீ ஒருத்தன்! அது உள்ளயே பூத்துப்போச்சுய்யா. கயட்டிப் போட்டுட்டு வேற மாட்டணும்."

நாயக்கர் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "ரெண்டு பேரு சொல்றதும் நாயமாத்தான் கீது. யோசிக்கணும்."

யார் என்ன வைத்தியம் சொன்னாலும் மறுக்கமாட்டார். எலுமிச்சம்பழம், சாம்பல், புளி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, முக்காலி மேல் ஏறி, ஊர் பார்க்க அழுத்தித் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி முன்னைவிட வெள்ளையாகும். அது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு உண்டு. நாங்கள் ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டுகிற கூட்டம், சேரி ஆட்கள். மற்றக் கடைகளில் எங்களுக்குக் கொல்லைப்புறத்தில் நின்றபடி கொட்டாங்கச்சியில்தான் காபி. நாயக்கர் கடையில் மட்டும் உள்ளே உட்கார்ந்து, பித்தளை டம்ளரில் குடித்தோம். உள்ளே புழுக்கம் என்று பெரிய மனிதர்கள் வாசல் பந்தலில் உட்காருவார்கள். நாங்கள் பக்கத்துச் சந்து வழியாக நுழைவோம். ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் நிழல்தான் தெரியும். நிழலைப் பார்த்து எந்தத் தெரு ஆள் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு சனிக்கிழமை நான் முதல் ஆளாகச் சந்து வழியாகப் போனேன். நாயக்கர் முக்காலி மேல் நின்று, ஒரு சட்டியில் துணியை முக்கி முக்கிக் கண்ணாடியில் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆண்டே, கஞ்சியா?"

பெரிய வீட்டுக்காரர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடவேண்டும்.

"ஆண்டே கீண்டேன்னா காபி கெடையாது. ஆமா, கஞ்சிதான். வேட்டிக்குப் போட்டா வெறப்பா நிக்குது, கண்ணாடிக்குப் போட்டா வெள்ளையா நிக்குது. எப்பிடி யோசன?"

இயல்பிலேயே நான் வாய் திறக்காதவன். அந்த ரகசியத்தைக் காப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

அப்புறம் ஊர் மணியக்காரர் வீட்டில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு வெள்ளானூர்.

"ஊருக்குள்ள நொழையறப்பவே, கண்ணுல பூ வுயுந்த மாதிரி ஒரு சன்னலு! என் மானமே போவுதுய்யா!" என்று மணியக்காரர் கடைப் பந்தலில் நின்று கத்தினார்.

"யோசிக்கணுங்க."

"நீ யோசிச்சிகினே இரு. நான் யோசிச்சிட்டேன்."

தம் சொந்தச் செலவில் பட்டணத்திலிருந்து புதுக் கண்ணாடி வரவழைத்துவிட்டார். வைக்கோலில் சுற்றி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. கூடவே தச்சரும் வந்தார். பழையதைக் கழற்றும்போது தச்சர் நாயக்கரைத் திரும்பிப் பார்த்து, "இன்னாங்க, ஒங்க பல்லப் புடுங்கற மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் வந்தபோது, புதுக் கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு காக்கை மோதி விழுந்து, எழுந்து, அவமானத்தோடு போனது. எங்கள் பெஞ்சு ரோட்டுக்கே பளிச்சென்று தெரிந்தது. பந்தலில் மணியக்காரர் தம் கண்ணாடியை ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்தால் நாயக்கர் கடைக்கு ஆபத்து; போகாவிட்டால் எங்களுக்கு மறுபடியும் கொட்டாங்கச்சி.

சந்து முனையிலேயே நின்றுவிட்டோம். "நாங்க கொல்லப்பக்கமா நின்னே குடிச்சிட்டுப் போறோங்க" என்றேன்.

நாயக்கர் கூரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"இதுல யோசிக்க இன்னா கீது? உள்ள வா நைனா!"

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். மற்றவர்களும் வந்தார்கள். தாமும் ஒரு டம்ளரோடு என் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக் காபியை உறிஞ்சினார்.

மணியக்காரர் துள்ளி எழுந்தார். "நாயக்கரே! இன்னாய்யா அக்கிரமம் இது?"

"தெரியுதுங்களா?"

"நல்லாவே தெரியுது!"

"அப்ப ஒசத்தி சரக்குதாங்க. நீங்க குடுத்ததாச்சே!"

எனக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாளிலிருந்து பந்தல் காலி. நாயக்கர் கவலைப்படவில்லை, இட்லி மிஞ்சியதால் எங்களுக்குத்தான் யோகம். கல்யாணத்தன்று வெள்ளானூர் வண்டிகள் தாகத்தோடு வந்து நேரே அங்கேதான் நின்றன. அவர்கள் காபியைப் புகழ்ந்ததை மணியக்காரர் பந்தியில் கேட்டு விழுங்கவேண்டியதாயிற்று. பிறகு பழைய பந்தல் ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ரயில் தாமதமாக வருகிற ஊரில், நல்ல காபி இல்லாமல் எவ்வளவு நாள் வீராப்புக் காட்ட முடியும்? கடைசியாக மணியக்காரரும் வந்தார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கண்ணாடியைத் துடைக்கிற வேலையை எங்கள் கூட்டம் எடுத்துக்கொண்டது. பட்டணத்துக் கடைகளில்கூட அப்படி ஒரு கண்ணாடி அப்போது இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒருநாள் நான் துடைத்துக்கொண்டிருந்தபோது நாயக்கர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"ஓரத்துல மங்கின மாதிரி கீதே. தேய்க்கலாமா, மாத்தலாமா?"

"யோசிக்கணும்" என்றேன்.

அவரிடம் நான் கிண்டலாகப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். அந்த மூச்சு பட்டு அந்த இடம் மட்டும் லேசாக மங்கியது. கையில் துணி இருந்தும், அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.