சின்ன அண்டா அண்ணாச்சி

எங்கள் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு சோறு பொங்க வேண்டும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர் முடிவு செய்வதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை. முடிவு செய்கிறவர் சின்ன அண்டா அண்ணாச்சி.

வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பெரிய அண்டா கேட்டுப் போனால் சின்ன அண்டாவைத்தான் தூக்கி வெளியே வைப்பார்.

"ஊரே வரும் அண்ணாச்சி!"

"வரும்வே. வந்து, சுகர்னு சொல்லிப் பாதி ஊரு பாயசத்த அப்படியே விட்டுட்டு எந்திரிக்கும். இதக் கொண்டு போம்."

அதோடு விடமாட்டார். பாத்திரத்துக்குப் பின்னாலேயே மண்டபத்துக்கும் வந்துவிடுவார். ஆள் உட்காரும் முன்பே இலை நிறையப் பரிமாறி வைப்பது நம்மவர்கள் வழக்கம். அதைக் கண்டால் அண்ணாச்சிக்கு ஆகாது. "ஏலே, இலையா திங்கப் போவுது? ஆளு வரட்டும், கேட்டுட்டு வை" என்று வாளிக்குக் குறுக்கே கையை நீட்டுவார். ஒருமுறை பெண்ணின் தாய்மாமன், "எங்க வீட்டு விசேஷம், நாங்க கொட்டுவோம், உமக்கென்ன?" என்று எகிறினார். "கொட்டும். கரண்டி என்னுது. அதக் குடுத்துட்டுக் கையால அள்ளிக் கொட்டும்" என்றார் அண்ணாச்சி.

அவரே எப்போதாவது பந்தியில் உட்கார்ந்தாலும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வார். கேட்காமல் அதில் ஒரு பருக்கை விழக்கூடாது.

பாத்திரத்தில் மிஞ்சியது அவருக்கு. லோடு ஆட்டோவில் ஏற்றி, அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் ஷெட்டுக்குக் கொண்டுபோவார். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் அங்கேதான் படுத்துக் கிடப்பார்கள். கொண்டுபோகுமுன் ருசி பார்ப்பார். சரியில்லை என்றால், "இத நீரே தின்னும்" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒரு வீட்டு சாம்பாரை அவர் வேண்டாமென்றது ஊர் முழுக்கத் தெரிந்து, அவர்கள் இரண்டாவது பெண்ணுக்கு வரன் பார்த்தபோது வந்தவர்கள் அதையும் விசாரித்தார்கள்.

என் தங்கச்சியின் மறுவீட்டு விருந்துக்கும் சின்ன அண்டாதான் கிடைத்தது. அப்பா கொதித்துப் போனார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சொதி பத்தலன்னா நான் எப்படிவே வெளிய தலகாட்டுவேன்? இனிமே உம்ம கடைப் படி மிதிக்க மாட்டேன்!"

வேறு கடையில் இருந்ததிலேயே பெரிய அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம்.

விருந்தன்று அடைமழை. அம்பாசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ்ஸில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டாரில், ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதால், ஒரு கார் நிறைய ஆள்தான் வந்து சேர்ந்தார்கள். சொதி அண்டாவின் கழுத்துவரை நின்றது. தேங்காய்ப்பால் சமாச்சாரம், மத்தியானம் அமிர்தம், சாயங்காலம் கிட்டேயே போக முடியாது. அப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, துக்க வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டார். மகள் விருந்து சாக்கடைக்குப் போகப் போகிறதே என்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"அண்ணாச்சியக் கூப்பிடுங்களேன்" என்றாள் அம்மா.

"செத்தாலும் மாட்டேன்."

அப்போது வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தபடி அண்ணாச்சி இறங்கினார். அண்டாவை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நம்ம கடைப் பாத்திரம் இல்லையே. கரண்டி போடலாமாவே?"

அப்பா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அண்ணாச்சி ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிக் கண்ணை மூடினார். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா.

"முதல் தரமா இருக்கு. ஆனா நீரு வந்து பரிமாறணும். இல்லன்னா எடுக்க மாட்டேன்."

பட்டு வேட்டியோடு அப்பா ஆட்டோவில் ஏறினார். ஷெட்டில் இலை போட்டதும் அண்ணாச்சி குரல் கொடுத்தார்: "இன்னைக்கு இவரு மகளுக்கு மறுவீடு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக மழையில மாட்டிக்கிட்டாவ. அதனால நீங்கதான் மாப்பிள்ளை வீடு. அதிகாரமாக் கேட்டு வாங்கிச் சாப்பிடணும், என்ன?"

முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு தலைப்பாகைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "என்ன சம்பந்தி, இஞ்சித் துவையல் இந்தப் பக்கம் வராதா?"

அப்பா ஓடினார். உவரியிலிருந்து புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்திருந்த ஒரு அம்மா, "பொண்ணு வீட்டுல சொதிக்குப் பஞ்சமோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்பா வாளியோடு பறந்தார். அசல் சம்பந்திகள்கூட அவரை அவ்வளவு விரட்டியதில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அண்டாவின் அடி தெரிந்த பிறகு அண்ணாச்சி ஒரு ஓரமாக இலை போட்டு உட்கார்ந்தார். அப்பா வாளியோடு அவர் முன்னால் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. வாளியில் மிச்சமிருந்த சொதி முழுவதையும் அந்த இலையில் ஊற்றினார்.

அண்ணாச்சி கையை நீட்டித் தடுக்கவில்லை. வழியப் பார்த்த சொதியைச் சோற்றால் அணை கட்டி, கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டார்.