அப்பா போட்ட மூணு நிமிஷ சட்டம்

பெண்களை அடுப்படியிலிருந்து மீட்டே தீருவது என்று எங்கள் அப்பா முடிவெடுத்தபோது, அம்மா அடுப்படியில்தான் இருந்தாள். அவருக்கு இரண்டாவது காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மகேசு, இந்த மாசத் தலைப்பு 'அடுப்படி'. எப்படி இருக்கு?"

"எது மாமா, காபியா, தலைப்பா?"

"தலைப்பு."

"சக்கரை ஜாஸ்தி."

அப்பாவின் பெயர் நடனசபாபதி. மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசில் சூப்பிரண்டு. மாதத்தின் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கவிஞர். எங்கள் மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மைக்கை நட்டு, 'திறந்த மைக்' என்று கூட்டம் நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் வந்து கவிதை சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். அது முடிந்ததும் பூஜை மணி அடிக்கும். அடிப்பது நான். பெயர் எழில். படிப்பு பிளஸ் டூ. பெரியவர்களைப் பாதி வரியில் உட்கார வைப்பதில் பதினோரு மாத அனுபவம்.

யார் வேண்டுமானாலும் என்றால், அம்மாவைத் தவிர யார் வேண்டுமானாலும்.

அம்மா சிதம்பரத்துக்காரி. அங்கே காலேஜில் மேடை ஏறியவள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் மாடிப்படி மட்டும்தான் ஏறியிருக்கிறாள், அதுவும் டீத்தட்டோடு. ஆறாவது மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, நானும் ஒண்ணு சொல்லட்டா? மூணு நிமிஷம் போதும்."

"லிஸ்ட் ஃபுல்லு மகேசு."

"போன மாசமும் ஃபுல்லுன்னீங்க."

"அது போன மாச லிஸ்ட்டு."

"அப்ப அடுத்த மாசத்துல சேத்துக்குங்க."

"அந்த லிஸ்ட் இன்னும் போடவே இல்ல. போடாத லிஸ்ட்ல எப்படி பேரு சேக்கறது?"

இருபது வருஷமாக மனுக்களைத் திருப்பி அனுப்பிய கை. வீட்டு மனு எந்த மூலைக்கு?

அப்பாவுக்கு ஒரே ஒரு சிக்கல். அவருடைய கவிதைகள் மூன்று நிமிடத்தில் அடங்காதவை. மூன்று நிமிடத்தில் அவருக்குத் தொண்டையே திறக்காது. அமைப்பாளரே லிஸ்டில் பேர் போட்டுக்கொண்டால் மரியாதையாகவும் இருக்காது. அதனால் நாலாவது மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஃபிளெக்ஸ் அடித்து மைக்குக்குப் பின்னால் கட்டினார்: 'தம் மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுப்போர், லிஸ்டில் இல்லாதவர் உட்பட இங்குள்ள யாருக்கும் தரலாம்.'

அன்றிலிருந்து அவருடைய ஆபீஸ் கிளார்க் கதிரவன் மாதாமாதம் வந்தார். மைக்கைத் தொட்டார். "என் நேரத்தை எங்க சூப்பிரண்டு சாருக்கே தர்றேன்" என்றார். இறங்கி டீ குடித்தார். அவர் கவிதை எழுதுவாரா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டாவது மாதம் முதலாம் ஆண்டு விழா. சிதம்பரத்திலிருந்து பொன்னுரங்கம் ஐயா வருவதாகச் சொன்னார். அவர் அங்கே இதே மாதிரி ஒரு கூட்டம் நடத்துகிறார். இங்கே கேட்டுப் பார்த்து, பிடித்த ஒருவரை அடுத்த மாதம் தன் மேடைக்குக் கூப்பிடுவாராம். அரை மணி நேரம் பேசலாம். சால்வை உண்டு. நோட்டீசில் போட்டோ உண்டு.

அப்பா அன்றே போட்டோ எடுத்துக்கொண்டார். கன்னத்தில் கை வைத்து, பரணைப் பார்த்தபடி. பரணில் எலி இருக்கிறதா என்று பார்ப்பது போல வந்திருந்தது.

'அடுப்பின் மகள்' என்று ஒரு காவியமும் எழுதினார். சரியாகப் பதினெட்டு நிமிடம். ஆறு பேர் விட்டுக்கொடுத்தால் போதும். ஆறு பேரைப் பிடிக்கப் போன் போட்டார்.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அந்தோணிசாமி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பீரியடு எடுத்துக்கொள்பவர், "பார்க்கலாம்... தம்பி... பார்க்கலாம்" என்றார். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் தங்கம்மாள், போனிலும் தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசும். "நேரந்தான, எடுத்துக்க. வஞ்சிரமா கேட்ட?" என்றது. காலேஜ் படிக்கும் சார்லஸ், கவிதை சொல்லும்போது மைக்கைக் கழுத்தைப் பிடித்து நெரிப்பவன், "நோ ப்ராப்ளம் அங்கிள், புரட்சிக்கு டைம் முக்கியமில்ல" என்றான். கதிரவன் கேட்பதற்கு முன்பே சரி சார் என்றார். ஆபீசிலிருந்து மேலும் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. நாற்பது பேர். அம்மா டீத்தட்டோடு வரிசை வரிசையாகப் போனாள். அந்த ஆறு பேரிடம் மட்டும் குனிந்து ஏதோ கேட்டாள். சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள் என அப்பா நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு போடுகிற பழக்கம் எங்கள் அம்மாவுக்கு இல்லை.

அப்பா காதோரம் வந்தார். "எழிலு, நான் படிக்கறப்ப மணிய கீழ வச்சிடு."

"சரிப்பா."

அந்தோணிசாமி ஏறினார். "என்னுடைய... மூன்று நிமிடத்தை..."

அப்பா எழுந்து நின்று துண்டைச் சரி செய்தார்.

"...தங்கை மகேஸ்வரிக்கு... வழங்குகிறேன்."

அப்பா நின்றபடியே உட்காரும் இடத்தைத் தேடினார்.

"என்னோடதையும் அந்தப் பொண்ணுகிட்டயே குடு" என்று தங்கம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னது. மைக் தேவைப்படவில்லை. "வருசம் பூரா டீ தூக்குது. ஒருத்தனாச்சும் கிளாசைக் கழுவி வச்சீங்களா?"

சார்லஸ் மைக்கின் கழுத்தைப் பிடித்தான். "ஆன்ட்டிக்கு."

பிறகு கதிரவன். எட்டு மாத விசுவாசி. அப்பா அவரைக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"சார், நான் மூணு தடவை லீவு கேட்டேன், நீங்க தரல. அக்காகிட்ட கேட்காமலே ரெண்டு டீ கிடைச்சுது." அவரும் கொடுத்தார். கூட வந்த இருவரும் கொடுத்தார்கள்.

"இருங்க, இருங்க" என்று அப்பா மைக்குக்கு ஓடினார். "மகேசு பேரு லிஸ்ட்லயே இல்லியே."

பொன்னுரங்கம் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபிளெக்ஸை நிதானமாகப் படித்தார். "லிஸ்டில் இல்லாதவர் உட்பட. நல்ல சட்டம். யாரு போட்டது?"

அப்பா மைக்கைவிட்டு விலகினார். ஃபிளெக்ஸின் மூலையில் அவர் பெயர் பெரிதாகவே இருந்தது.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள்.

"இது நான் எழுதினது இல்ல. எங்க வீட்டுக்காரர் தினமும் சொல்றது. அவரு எழுதி வைக்கல. நான் மனப்பாடம் பண்ணிட்டேன்."

அப்புறம் வாயைத் திறந்தாள். வந்தது அப்பா குரல். அதே கரகரப்பு, அதே மூக்கு, நடுவில் அதே செருமல். வாத்தியார்கள் குரலில் பேசி நான் வாங்கிய திட்டெல்லாம் எங்கிருந்து வந்த சொத்து என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மகேசு, என் கண்ணாடி எங்க?
மகேசு, என் பேனா எங்க?
மகேசு, பெண்ணடிமையப் பத்தி எழுதறேன்,
பாத்திரத்த சத்தம் போடாம தேய்."

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தங்கம்மாள் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர் டீயைச் சிந்தினார். ஐந்தாவது நிமிடத்திலிருந்து கூட்டமே 'மகேசு' என்று எடுத்துக் கொடுத்தது. அப்பா கைதட்டினார். அமைப்பாளர், தட்டாமல் இருக்க முடியாது. பதினைந்தாவது நிமிடம் அம்மா குரலை இறக்கினாள்.

"மகேசு, நீ எங்க இருக்க?
அடுப்படியிலயா?
அங்கயே இரு.
உன் விடுதலையப் பத்தி
கடைசி வரி எழுதிக்கிட்டு இருக்கேன்."

கூட்டம் முதலில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தட்டினார்கள், அதை நிறுத்தத்தான் நேரமாயிற்று.

"இன்னும் மூணு நிமிஷம் மிச்சம் இருக்கு" என்றாள் அம்மா, தன் சொந்தக் குரலில். "அதை எங்க வீட்டுக்காரருக்கே தர்றேன்."

அப்பா 'அடுப்பின் மகள்' ஆரம்பித்தார். முதலில் அடுப்புக்கு வணக்கம். பிறகு விறகுக்கு வணக்கம். புகையில் கண் கலங்கும் பெண்ணைப் பார்த்து அவரும் கலங்கினார். எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கேஸ் அடுப்பு. தீக்குச்சியை அவர் உரசப் போன இடத்தில் மூன்று நிமிடம் முடிந்தது. மணி கீழேதான் இருந்தது. குனிந்து எடுத்து அடித்தேன்.

அடுத்த மாத நோட்டீசில் அம்மா போட்டோ வந்தது.

"நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்றார் அப்பா. "சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அடுப்படிதான் உங்க தலைப்பாச்சே மாமா. உள்ள போய்ப் பாருங்க."

நானும் அம்மாவும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். ஹால் நிறைய ஆள். அம்மாவோடு காலேஜில் படித்த நாலு பேர் முன் வரிசையில். சால்வை போட்டார்கள். அம்மா பாதி சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்டபோது, திரைக்குப் பின்னால் என் கையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது. அப்பா. பக்கத்தில் ஒரு மைக் சும்மா கிடந்தது. கிடக்கிற மைக்கை வீணாக்கக் கூடாது. ஸ்பீக்கரைப் போட்டு அதன் முன்னால் பிடித்தேன்.

"மகேசு," என்று ஹால் முழுக்க அப்பா குரல் கேட்டது, "இந்த அடுப்ப எப்படி பத்த வைக்கறது?"

அம்மா மைக்கில் வாயை வைத்தபடி அப்படியே நின்றாள். ஹால் விழுந்து விழுந்து சிரித்தது.

கூட்டம் முடிந்ததும் பொன்னுரங்கம் ஐயா அம்மாவிடம் வந்து கும்பிட்டார்.

"அச்சு அசலா அவரு குரல்தாம்மா. நடுவுல அடுப்பு பத்த வைக்கத் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் கொஞ்சம் ஓவர். அடுப்படிக்கே காவியம் பாடின மனுஷன்மா அவரு."