நிசப்தம் சாரும் தகர டக்ட்டும்

மனிதர்களில் சத்தம் பொறுக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திராவிட்டாலும் கேட்டிருப்பீர்கள்; தெருவில் நாய் குரைத்தால் ஜன்னலைத் திறந்து நாயைவிடப் பலமாகக் கத்துகிறவர் இவர்தான். அடுத்தவர் தும்மினால் காதைப் பொத்திக்கொள்வார். தாம் தும்மினால் மட்டும் அது உடம்புக்கு நல்லது.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பிரிவுத் தலைவராக இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று; அலுவலகம் வைத்த பெயர் நிசப்தம் சார். அவருக்கு எதிர் மேஜையில் ஒரு பெண் கணக்காளர். பிரிவின் வேலையை எல்லாம் அந்தம்மா செய்வார், கையெழுத்தைச் சார் போடுவார். இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தம்மா திடீரென்று கீழ்மாடிக்கு மாற்றல் கேட்கும்வரை.

"இந்த ரூம்ல சத்தம் தாங்கல சார்."

அந்தம்மா போய்விட்டால் காலாண்டு அறிக்கையை யார் எழுதுவது? போன அறிக்கையில் சார் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் அங்கேதான் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கூரையை நோக்கிக் கையை நீட்டினார். "அந்த டக்ட்தாம்மா! கொஞ்சம் பொறுத்துக்கோ. ஊசி விழுந்தா கேக்கற மாதிரி பண்ணிடறேன்."

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஷ்ஷ்!" என்றார் சார்.

ஏசி இயந்திரத்திலிருந்து குளிர்காற்றை அறை அறையாகக் கொண்டுபோகிற தகரக் குழாய்தான் டக்ட். அந்த டக்ட் காற்று வேகமெடுத்தால் கடகடக்கும், காற்று நின்றால் டமாரென்று நெளியும், போதாக்குறைக்கு ஈரம் கோத்துச் சாரின் மேஜைமேல் சொட்டும். ஏசி மெக்கானிக் ஏணியோடு வந்தார். பேச ஆள் கிடைத்தால் ஏணியை விட்டு இறங்கவே மறந்துவிடுகிற மனிதர்.

"உள்பக்கம் பஞ்சு ஒட்டிடலாம் சார்."

"என்னய்யா பேசறே? சத்தம் வெளிய வரக்கூடாதுன்னா வெளியதானே போத்தணும்? இதுகூடவா தெரியாது?"

"போத்திட்டாப் போச்சு சார்!" என்று மெக்கானிக் போர்த்தினார். அவருக்கென்ன, ஒரு வேலை இரண்டு வேலையாகிறது.

பளபளவென்று வெள்ளித்தாள் உறை. சொட்டுவது நின்றது. சத்தம் நிற்கவில்லை. சார் டக்ட்டை அண்ணாந்து முறைத்தார். அதைப் பார்த்தும் ஒரு "ஷ்ஷ்" சொன்னதாகப் பியூன் சத்தியம் செய்கிறார்.

"வெளிய போத்தறது வேர்வைக்கு சார். சத்தம் உள்ளேர்ந்துல்ல வருது? உள்ளதான் ஒட்டணும்" என்றார் மெக்கானிக்.

இந்த முறை குழாயைப் பிரித்து உள்ளே பஞ்சு ஒட்டினார். இயந்திரத்தின் அதிர்வு குழாய்க்குத் தாவாமலிருக்க இரண்டுக்கும் நடுவே முரட்டுத் துணியால் ஓர் இணைப்பும் வைத்தார். சுவிட்சைப் போட்டார்கள். குளிர் வந்தது. ஓசை இல்லை.

"பாத்தியாம்மா!" என்று சார் மேஜையை ஓங்கித் தட்டினார்.

சந்தோஷம் வந்தால் சாருக்குச் சும்மா உட்கார வராது. தொண்டையைச் செருமினார், பேனாவை டிக் டிக்கென்று அழுத்தினார், தேநீரை மாடிப்படிவரை கேட்கும்படி உறிஞ்சினார், கோப்புகளை வாய்விட்டுப் படித்தார், இடையிடையே நாற்காலியைக் கிறீச்சென்று சுழற்றினார், கடைசியில் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைக் கூப்பிட்டு, "இங்க எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா!" என்றார்.

"தெரியுதுங்க. அதுக்கு ஏன் கத்தறீங்க?"

கத்துவதா? யார்?

மாலையில் அந்தம்மா அதே மாற்றல் விண்ணப்பத்தை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் என்னம்மா சத்தம்?"

"டக்ட்டை நான் எப்ப சார் குறை சொன்னேன்? அது கடகடன்னு உங்க சத்தத்தை மறைச்சதாலதான் இத்தனை வருஷம் இங்க உக்காந்திருந்தேன். இப்ப எல்லாம் தெளிவா கேக்குது."

சாரின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், நிஜமாகவே வலித்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அந்த அறை உண்மையாகவே அமைதியாக இருந்தது. அந்தம்மாகூட ஒரு கணம் தயங்கினார். சார் மட்டும் அந்த நேரத்தில் அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அறிக்கையும் பிழைத்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார்.

இருந்தாரா? தொண்டையைச் செருமினார். மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில்தான்.

"யோவ்! அந்தப் பஞ்சு மொத்தத்தையும் பிரிச்சு எடுத்துடு!"

அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. நீங்கள் அந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சந்தேகம்தான்: நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியைக் கடைசி வேகத்தில் வைக்கிறார்களே, அது புழுக்கத்துக்காகத்தானா?